ஆற்றுப் படத்தின் முதுகு

சித்தப்பா இறந்தபோது அவர் வீட்டுச் சுவர்களில் 43 ஓவியங்கள் மாட்டியிருந்தன. கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்குப் பின்னாலும் தேடியபோது இன்னும் 11 கிடைத்தன. அவர் பணக்காரர் இல்லை. நாற்பது வருடம் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் பிள்ளைகளான நாங்கள் நான்கு பேர்தான் வாரிசுகள். எங்கள் யார் வீட்டிலும் 54 ஓவியங்களுக்கு இடம் கிடையாது. ஆளுக்கு இரண்டு வைத்துக்கொள்வது, மற்றதை விற்பது என்று முடிவானது. விற்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எல்லாவற்றையும் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு படம்தான். சித்தப்பாவின் மேசைக்கு எதிர்ச் சுவரில் இருந்தது. ஓர் ஆறு வளைந்து போகிறது, கரையில் மூன்று மரங்கள், கரையோரம் ஒரு படகு. மற்றபடி வானம்தான். படத்தில் மூன்றில் இரண்டு பங்கை வானமே எடுத்துக்கொண்டிருந்தது. மழை பெய்து ஓய்ந்த வானம். சின்ன வயதில் விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போனால் அதன் கீழேதான் படுத்துத் தூங்குவோம். எங்களுக்கு அது ‘ஆற்றுப் படம்’. “இது பெரிய கை வரைஞ்சது” என்று சித்தப்பா அடிக்கடி சொல்வார். வலது மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு கையெழுத்து இருந்தது. பிரபலமான ஒரு நிலக்காட்சி ஓவியரின் பெயர். அந்தப் பெயரை வைத்து எங்கள் குடும்பத்தில் எத்தனையோ கணக்குகள் போட்டிருந்தார்கள்.

முதல் இரண்டு வாரத்தில் நாங்கள் செய்த தவறுகளைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி, சித்தப்பா மேல் இருந்த பாசத்தில், எல்லாப் படங்களையும் ஈரத்துணியால் துடைத்தான். தூசு போனது. ஆனால் ஆற்றுப் படத்தின் வானத்தில் இரண்டு நாள் கழித்து வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஒரு திட்டு கிளம்பியது. பழைய வார்னிஷுக்குள் ஈரம் புகுந்தால் இப்படித்தான் வெளுக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. இது மேலோட்டமான சேதம். இதைவிட மோசமானது, வண்ணத்தின் வெடிப்புகள் வழியாகத் தண்ணீர் உள்ளே இறங்குவது. வண்ணத்துக்கு அடியில் பசை கலந்து பூசிய அடித்தளம் இருக்கிறது. அது ஊறினால் வண்ணமே செதில் செதிலாக எழும்பிவிடும். உருளைக்கிழங்கால் துடைக்கலாம், ரொட்டியால் துடைக்கலாம், எச்சில் தொட்டுத் துடைக்கலாம் என்றெல்லாம் வீட்டு வைத்தியம் சொல்வார்கள். அதில் எச்சிலை நிபுணர்களே பயன்படுத்துவது உண்மைதான். அதில் உள்ள நொதிகள் அழுக்கைக் கரைக்கும். ஆனால் எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்று தெரிந்த கை அது. நம் கை அது இல்லை. விற்க நினைக்கும் ஓவியத்தைச் சுத்தம் செய்யாதீர்கள். தூசோடு இருக்கட்டும். வாங்குகிறவருக்குத் தூசு ஒரு பொருட்டே இல்லை, துடைத்த தடம்தான் அவரை மிரள வைக்கும்.

இரண்டாவது தவறு என்னுடையது. சித்தப்பாவின் அலமாரியில் இருந்த பழைய காகிதக் கட்டுகளைச் செய்தித்தாள்களோடு சேர்த்து எடைக்குப் போட்டேன். பழைய ரசீதுகள், மங்கிய கடிதங்கள், கண்காட்சி அழைப்பிதழ்கள், ஏலப் பட்டியல்கள். பத்து நிமிடம் புரட்டிப் பார்த்தேன், குப்பை என்று முடிவு செய்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஓவியங்களில் பாதியை அன்று நான் குப்பையில் போட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது போகப் போகப் புரியும்.

அப்புறம் ஒரு வியாபாரி வந்தார். தெரிந்தவர் மூலமாகத்தான். இருபது நிமிடம் வீட்டைச் சுற்றிவந்து, மொத்தத்துக்கும் ஒரே தொகை சொன்னார். “இன்னைக்கே வண்டி கொண்டு வர்றேன், உங்களுக்கு ஒரு தொல்லையும் இல்லை” என்றார். எங்களுக்கும் அலுத்துப் போயிருந்தது, சரி என்று சொல்லத் தோன்றியது. ஆனால் கிளம்பும்போது அவர் கண் ஆற்றுப் படத்தின் பக்கம் இரண்டு முறை போனது. அக்கா அதைக் கவனித்துவிட்டாள். “ஒரு மாசம் டைம் கேளு” என்றாள். கேட்டோம்.

அவர் ஏமாற்றுக்காரர் என்று நான் சொல்ல வரவில்லை. வாங்கி விற்பது அவர் தொழில், குறைத்து வாங்கினால்தான் பிழைக்க முடியும். அந்தத் தொழில் செய்பவரிடமே “இது எவ்வளவு பெறும்?” என்று கேட்டது எங்கள் பிழை. மதிப்பிடுகிறவர் வேறு, வாங்குகிறவர் வேறாக இருக்க வேண்டும். மதிப்பிட்டுச் சொல்வதற்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, நீங்கள் விற்றாலும் விற்காவிட்டாலும் தனக்கு லாப நட்டம் இல்லாத ஒருவரைத் தேடுங்கள். விலையில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் கேட்கும் மதிப்பீட்டாளரையும் தவிர்த்துவிடுங்கள்.

அந்த ஒரு மாத அவகாசத்தில்தான் பழைய ஓவியங்களைச் சீர்படுத்தும் ஒரு பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஆற்றுப் படத்தைப் போர்வையில் சுற்றி எடுத்துப் போனேன். அவர் முதலில் என்னைத் திட்டினார். போர்வையின் நூல் வண்ணச் செதிலில் சிக்கினால் என்ன ஆகும் என்று கேட்டார். பிறகு படத்தை மேசையில் வைத்தார். நான் எதிர்பார்த்தபடி வானத்தையோ கையெழுத்தையோ அவர் பார்க்கவில்லை. மெல்லத் திருப்பி, முதுகைப் பார்க்க ஆரம்பித்தார். அரை மணி நேரம் முதுகுதான்.

“முன்பக்கம் சொல்றதை எல்லாரும் கேப்பாங்க. பின்பக்கத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. பொய் சொன்னாலும் சீக்கிரம் மாட்டிக்கும்” என்றார்.

நாங்கள் இத்தனை வருடம் கவனித்தே பார்க்காத அந்த முதுகில் ஏகப்பட்ட விஷயங்கள் இருந்தன. கேன்வாஸை இழுத்துக் கட்டிய மரச்சட்டத்தின் மூலைகளில் சின்னச் சின்ன மர ஆப்புகள். கேன்வாஸ் தொய்ந்தால் அவற்றைத் தட்டி இறுக்கலாம். ஓரங்களில் துருப்பிடித்த சிறு ஆணிகள். ஸ்டேப்ளர் ஊசிகளாக இருந்திருந்தால், ஒன்று படம் அண்மைக் காலத்தது, இல்லையென்றால் அண்மையில் மறுபடி இழுத்துக் கட்டப்பட்டது என்று பொருள். பாதி கிழிந்த ஒரு சீட்டு, சட்டம் செய்த கடையினுடையது. சுண்ணக்கட்டியில் எழுதிய ஓர் எண், ஏதோ ஒரு ஏலத்தில் வரிசைக்காகப் போட்டது. மரத்தில் முத்திரையாக ‘25’ என்று இருந்தது. அது விலை என்று என் தம்பி நினைத்திருந்தான். அவர் சிரித்தார். ஐரோப்பாவில் கடைகளில் ஆயத்தமாகக் கிடைத்த கேன்வாஸ்களுக்கு எண் வைத்து அளவு சொல்லும் பழக்கம் இருந்தது. பிரெஞ்சு முறையில் ஒவ்வோர் எண்ணுக்கும் மூன்று வடிவங்கள் உண்டு: உருவப்படத்துக்கு, நிலக்காட்சிக்கு, கடற்காட்சிக்கு. 25 என்ற எண்ணில் நிலக்காட்சி வடிவம் 60 × 81 செ.மீ. அளந்து பார்த்தார், அதே அளவு. ஆக, கடைக்குப் போய், நிலக்காட்சி வரைவதற்கென்றே விற்ற கேன்வாஸை வாங்கி வரைந்திருக்கிறார் அந்த ஓவியர்.

இதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதுவரை அந்தப் படம் எனக்கு ஒரு பெயராகவும் ஒரு தொகையாகவும் மட்டும் இருந்தது. யாரோ ஒருவர் காசு எண்ணிக் கொடுத்து ஒரு கேன்வாஸை வாங்கி, அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போயிருப்பார் என்று அப்போதுதான் முதல் தடவையாக நினைத்துப் பார்த்தேன். 1841-இல் ஜான் ராண்ட் என்பவர் தகரக் குழாயில் வண்ணம் அடைப்பதற்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான், எண்ணெய் வண்ணத்தை வெளியில் எடுத்துப் போவது ஓவியர்களுக்கு உண்மையிலேயே சுலபமானது. அதற்கு முன் வண்ணத்தைப் பன்றியின் சவ்வுப் பையில் கட்டிவைத்தார்கள்.

அந்த அம்மா இன்னொன்றும் சொன்னார். ஆங்கிலேய ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-ஆம் ஆண்டுகளில் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட்டில் வானத்தை மட்டுமே விதவிதமாக வரைந்தார். அவற்றில் பலவற்றின் பின்புறம் நாள், நேரம், காற்று வீசிய திசை எல்லாம் தன் கையாலேயே எழுதிவைத்தார். முதுகில் எழுதிய அந்தக் குறிப்புகள் இல்லையென்றால் அவை இன்ன மேகம், இன்ன நாள் என்று நமக்குத் தெரிந்திருக்காது.

பிறகு அறையை இருட்டாக்கிப் புற ஊதா விளக்கைப் போட்டார். படம் முழுக்கப் பச்சை கலந்த மங்கல் ஒளி பரவியது. மரப்பிசினில் செய்த பழைய வார்னிஷ் அந்த விளக்கில் அப்படித்தான் ஒளிரும். வானத்தில் தம்பி துடைத்த இடம் தனியாகத் தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவு ஒரு கருந்திட்டு. வார்னிஷுக்கு மேல் பிற்காலத்தில் யாரோ வண்ணம் பூசிச் சரிசெய்த இடம் அது. அப்புறம் விளக்கை வலது மூலைக்கு நகர்த்தினார். கையெழுத்து கன்னங்கரேலென்று, பச்சை ஒளிக்கு மேலே மிதப்பது போலத் தெரிந்தது.

எனக்குப் புரியவில்லை. அவர் நுண்ணோக்கியில் என்னைப் பார்க்கச் சொன்னார். வண்ணத்தில் வலைபோல ஓடும் மெல்லிய வெடிப்புகள். கையெழுத்தின் பழுப்பு வண்ணம் அந்த வெடிப்புகளுக்குள் வழிந்து இறங்கியிருந்தது. படம் வரைந்த அன்றே போட்ட கையெழுத்து என்றால் வெடிப்பு கையெழுத்தையும் சேர்த்துப் பிளந்திருக்க வேண்டும். இங்கே, படம் காய்ந்து, வயதாகி, வெடித்து, வார்னிஷும் பூசிய பிறகு யாரோ வந்து பெயர் எழுதியிருக்கிறார்கள்.

“படம் பொய் இல்லை. பெயர்தான் பொய்” என்றார்.

கையில் பிடிக்கும் எக்ஸ்ரே ஒளிர்வுக் கருவி ஒன்றாலும் சோதிக்க ஏற்பாடு செய்தார். வண்ணத்தைச் சுரண்டாமல், அதில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று அது சொல்லும். வானத்தின் வெள்ளையில் ஈயம், மரங்களின் பச்சையில் குரோமியம். குரோமியம் என்ற தனிமமே 1797-இல்தான் கண்டறியப்பட்டது என்பதால் படம் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. சரிசெய்த திட்டில் மட்டும் டைட்டேனியம். டைட்டேனியம் வெள்ளை ஓவியர்களின் கைக்கு வந்தது 1920-களை ஒட்டித்தான். ஆக, படம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று நினைக்க எல்லாம் பொருந்துகிறது, ஒட்டுவேலை மட்டும் 20-ஆம் நூற்றாண்டு. இப்படிச் சோதனைகள் ‘இது அவர் வரைந்தது’ என்று ஒருபோதும் சொல்லாது. ‘இது அவர் வரைந்ததாக இருக்க முடியாது’ என்று மட்டும்தான் சொல்லும். இந்த வித்தியாசத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனைச் சான்றிதழைக் காட்டி ‘அசல் என்று நிரூபிக்கப்பட்டது’ என்று யாராவது சொன்னால், எதை நிரூபித்திருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

வீட்டுக்குத் திரும்பும்போது அழுகை வந்தது. பணம் போனதே என்று இல்லை, அல்லது அது மட்டும் இல்லை. சித்தப்பா ஏமாந்துவிட்டாரே என்று. நாற்பது வருடம் அந்தப் பொய்ப் பெயருக்கு எதிரே உட்கார்ந்திருந்தாரே என்று.

மேசை இழுப்பறையில் பழைய அளவுகோல்களுக்கு அடியில் ஒரு நீளமான குறிப்பேடு இருந்தது. காகிதக் கட்டுகளை எடைக்குப் போட்ட அன்று அந்த இழுப்பறையை நான் திறக்கவில்லை, பிழைத்தது. பக்கத்துக்கு ஒரு ஓவியமாக 54 பக்கங்கள். வாங்கிய நாள், யாரிடம், என்ன விலை, அளவு, பின்புறம் என்ன எழுதியிருக்கிறது, எப்போது எந்தச் சுவருக்கு மாற்றினார் என்பது வரை. ஆற்றுப் படத்தின் பக்கத்தில் பென்சிலில் இப்படி இருந்தது: “கையெழுத்து பிறகு சேர்த்தது. விற்றவரிடம் சொன்னேன், அதற்கேற்ற விலைக்குக் கொடுத்தார். யார் வரைந்தது என்று தெரியவில்லை. பெரிய கை.”

அவர் எங்களிடம் ஒருநாளும் அந்த ஓவியரின் பெயரைச் சொன்னதில்லை. யோசித்துப் பார்க்கிறேன், ஒருமுறைகூட இல்லை. ‘பெரிய கை’ என்று மட்டும்தான் சொன்னார். மூலையில் இருந்த பெயரை வாசித்து, இரண்டையும் முடிச்சுப் போட்டது நாங்கள்.

அந்தக் குறிப்பேடு கிடைத்த பிறகு விற்பனையே வேறு விதமாக நடந்தது. ‘காலஞ்சென்ற தனியார் சேகரிப்பாளர் ஒருவரின் ஓவியம், விற்பனைக்கு’ என்று ஒரு வரி போட்டால் போதும், மரியாதை தானாக வரும் என்று நினைத்திருந்தேன். உண்மையில் அனுபவமுள்ளவர்கள் உஷாராகிற வரியே அதுதான். ஜெர்மனியில் வொல்ஃப்காங் பெல்ட்ராக்கி என்பவர் பல வருடம் போலி ஓவியங்களை வரைந்து விற்றார். அவருடைய பெரிய ஆயுதம் தூரிகை இல்லை, இல்லாத ஒரு சேகரிப்புதான். மனைவியின் தாத்தா யேகர்ஸ் சேர்த்துவைத்தவை என்று கதை கட்டினார்கள். மனைவியே பாட்டி போல உடுத்திக்கொண்டு, பின்னால் போலி ஓவியங்களை மாட்டி, பழைய காலத்துப் புகைப்படம் போல ஒன்றை எடுத்தார்கள். முதுகில் ஒட்டப் பழைய சேகரிப்பின் பெயரில் சீட்டுகளும் செய்தார்கள். 1914-இல் ஹைன்ரிஷ் கம்பெண்டோங்க் என்ற ஜெர்மன் ஓவியர் வரைந்ததாகச் சொல்லி 2006-இல் 28 லட்சம் யூரோவுக்கு மேல் விலைபோன குதிரைப் படம் ஒன்றில், டைட்டேனியம் வெள்ளை இருந்தது பரிசோதனையில் தெரிந்தது. அந்த இழையைப் பிடித்துத்தான் எல்லாம் வெளியில் வந்தது. 2011-இல் அவருக்கு ஆறு வருடச் சிறை. இப்படிப்பட்ட கதைகளைக் கேட்ட ஒருவர், நம் சித்தப்பாவின் படத்துக்கும் காகிதம் கேட்பது நியாயம்தானே?

ஆகவே ஒரு சேகரிப்பு உங்கள் கைக்கு வந்தால் எதையும் விற்பதற்கு முன், எதையும் நகர்த்துவதற்கே முன், ஒவ்வொரு படத்தையும் அது தொங்கும் சுவரோடு சேர்த்துப் புகைப்படம் எடுங்கள். பிறகு சட்டத்தோடு முன்பக்கம், முழு முதுகு, ஒவ்வொரு சீட்டும் முத்திரையும் தனித்தனியாக. சீட்டு பழசாகி உரிகிறதே என்று பிய்த்துப் போடாதீர்கள், பசை போட்டு ஒட்டவும் செய்யாதீர்கள். பழைய சட்டத்தை மாற்றாதீர்கள். படத்தில் மாட்டியிருக்கிற அற்பமான துண்டுக் காகிதம்கூட அங்கேயே இருக்கட்டும். ரசீது, கடிதம், காப்பீட்டுத் தாள், சேகரிப்பாளர் அந்தப் படத்துக்கு முன் நிற்கும் குடும்பப் புகைப்படம், எல்லாம் ஓவியத்தின் உறுப்புகள். எங்கள் பெரியப்பா மகள் தன் பழைய ஆல்பத்திலிருந்து ஒரு படம் எடுத்துக் கொடுத்தாள். அதில் நான் மூன்று வயதில் வாயில் விரலோடு உட்கார்ந்திருக்கிறேன், தலைக்கு மேலே ஆற்றுப் படம். அந்தப் புகைப்படத்தின் பின்னால் அச்சகம் போட்ட தேதி இருந்தது. அதுவும் ஆவணமாகச் சேர்ந்தது.

விற்கும் உரிமை யாருக்கு என்பதையும் ஆரம்பத்திலேயே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் நான்கு பேரும் கையெழுத்துப் போட்ட ஒப்புதல் இல்லாமல் எந்த ஏல நிறுவனமும் பேசவே முன்வரவில்லை. திருட்டுப் பட்டியல்களிலும் தேடிப் பார்த்தேன். இன்டர்போல் 2021-இல் வெளியிட்ட ஐடி-ஆர்ட் என்ற கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துத் தேடினால், அவர்களிடம் பதிவான 50,000-க்கும் மேற்பட்ட திருட்டுப் பொருள்களோடு ஒப்பிட்டுக் காட்டும். கட்டணம் கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வந்த பழைய ஓவியம் என்றால் 1933 முதல் 1945 வரை யாரிடம் இருந்தது என்று கட்டாயம் கேட்பார்கள். நாஜிகள் பறித்த ஓவியங்களைத் தேடி உரியவர்களிடம் சேர்ப்பது பற்றி 1998-இல் வாஷிங்டனில் 44 நாடுகள் சேர்ந்து கொள்கைகள் வகுத்தன. அதன் பிறகு இந்தக் கேள்வியை யாரும் ஒதுக்கிவிட முடியாது, ஒதுக்கவும் கூடாது. ஆற்றுப் படத்தின் அந்த ஆண்டுகள் காலியாகவே இருந்தன. பட்டியலில் எங்கும் அது இல்லை என்பதையும், அந்த இடைவெளி இருப்பதையும் சேர்த்தே எழுதினோம்.

இனி விலை. மூன்று பேரிடம் மதிப்பு கேட்டேன், மூன்றும் வெவ்வேறு. முதலில் குழம்பினேன். காப்பீட்டு மதிப்பு என்பது இதே போன்ற ஒன்றைக் கடையில் போய் வாங்க ஆகும் தொகை, எப்போதும் அதிகமாக இருக்கும். சந்தை மதிப்பு என்பது அவசரமில்லாத இரண்டு பேர் கைமாற்றிக்கொள்ளும் தொகை. ஏல மதிப்பீடு ஆளைக் கூப்பிடுவதற்காகக் கொஞ்சம் இறக்கியே வைப்பது. எந்த மதிப்பு என்று கேட்காமல் ‘என்ன பெறும்?’ என்று கேட்டால் கிடைக்கும் பதிலுக்கு அர்த்தம் இல்லை. ஏலத்திலும், சுத்தியலைத் தட்டி முடிக்கும் கடைசித் தொகை யார் கைக்கும் அப்படியே வராது. அது 100 என்று வைத்துக்கொள்வோம். வாங்கியவர் நிறுவனத்தின் கூடுதல் கட்டணத்தோடு 125 கொடுப்பார், விற்றவருக்குத் தரகு, புகைப்படம், காப்பீடு எல்லாம் கழித்து 85 வரும். குறைந்தபட்ச விலை வைத்து, அதை எட்டாமல் படம் திரும்பி வந்தால் அடுத்த சில வருடங்களுக்கு அதன் விலை அடிபடும். கருகிவிட்டது என்று அந்தத் தொழிலில் சொல்வார்கள்.

ஏலப் பட்டியலின் சொற்களை வாசிக்கக் கற்றுக்கொண்டது எனக்குப் பெரிய திறப்பு. ஓவியரின் முழுப்பெயர் மட்டும் இருந்தால், அவரே வரைந்தது என்று நிறுவனம் கருதுகிறது. ‘இவருடையதாகக் கருதப்படுவது’ என்றால் ஒரு படி கீழே. ‘இவருடைய பட்டறை’, ‘இவருடைய வட்டம்’, ‘இவரைப் பின்பற்றியவர்’, ‘இவர் பாணியில்’ என்று படிப்படியாக இறங்கும். ‘இவருக்குப் பின்’ என்றால் நகல். அதே போல ‘கையெழுத்திட்டது’ என்பதும் ‘கையெழுத்து காணப்படுகிறது’ என்பதும் ஒன்றில்லை. இரண்டாவதற்கு, அந்தக் கையெழுத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று பொருள். ஒரே படத்துக்கு இந்தச் சொல் மாறினால் விலையில் ஒரு சுழியம் கூடலாம், குறையலாம். பிரெஞ்சு ஓவியர் கமீய் கொரோ 1875-இல் இறந்தார். அவர் தன் சீடர்கள் வரைந்த நகல்களில்கூடக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தாராள மனசுக்காரர். அதையும் போலிகளையும் பிரிக்க இன்றுவரை நிபுணர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். நல்ல மனிதர், ஆனால் பின்னால் வந்தவர்களுக்குத் தீராத வேலை.

கையெழுத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிடலாம் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு வந்தது. “நாம பொய் சொல்ல வேண்டாம், சும்மா இருப்போம், வாங்குறவங்க பார்த்துக்கட்டும்.” நான் ஒத்துக்கொள்ளவில்லை. சித்தப்பா தானே கண்டுபிடித்து, விற்றவரிடம் நேரில் சொன்ன ஒன்றை நாங்கள் மறைத்து விற்பதா? கடைசியில் ஏலத்துக்குப் போகாமல் நேரடியாக விற்பது என்று முடிவு செய்து, விவரக் குறிப்பை நானே எழுதினேன். “ஆற்று வளைவு, மழைக்குப் பிறகு. ஓவியர் தெரியவில்லை. 19-ஆம் நூற்றாண்டாக இருக்கலாம். கேன்வாஸில் எண்ணெய் வண்ணம். 60 × 81 செ.மீ. வலது கீழ்மூலையில் பிற்காலத்தில் சேர்த்த கையெழுத்து உள்ளது. வானத்தில் பழைய ஒட்டுவேலையும் அண்மையில் ஏற்பட்ட ஈரத்திட்டும் உள்ளன. படகில் ஆள் இல்லை.” உயரத்தை முதலிலும் அகலத்தைப் பிறகும் எழுதுவதுதான் வழக்கம் என்று அந்த அம்மா திருத்தினார். பகல் வெளிச்சத்தில் ஒரு படம், விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்து மேடுபள்ளம் தெரிய ஒரு படம், புற ஊதாவில் ஒன்று, முதுகு, குறிப்பேட்டின் பக்கம், எல்லாவற்றையும் சேர்த்தே கொடுத்தேன்.

பலர் விசாரித்தார்கள். கையெழுத்து பொய் என்று படித்ததும் பாதிப் பேர் போய்விட்டார்கள். போகட்டும். நேரில் வந்தவர்களில் ஒருவர், ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், சொல்லாமலே முதலில் படத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு சன்னலோரம் வைக்கச் சொல்லி, தள்ளி ஒரு நாற்காலியில் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் வானத்தைப் பார்த்தார். விலையில் பேரம் பேசவே இல்லை. குறிப்பேட்டுப் பக்கத்தின் நகல் படத்தோடு வருமா என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு படத்துக்கு அவர் கொடுத்தது, முன்பு வியாபாரி மொத்தத்துக்கும் சொன்ன தொகையில் பாதிக்கும் மேல்.

அனுப்பும்போது வண்ணப் பக்கத்தில் குமிழ்ப் பிளாஸ்டிக் நேராகப் படக்கூடாது, குமிழ்களின் தடம் வார்னிஷில் பதிந்துவிடும். வழவழப்பான மெழுகுத்தாள் போன்ற கிளாசின் தாளைப் போட்டு, மூலைகளுக்கு அட்டைக் காப்பு வைத்து, படத்தைவிடப் பெரிய அட்டையை இருபுறமும் கொடுத்து, அதற்கு மேல்தான் குமிழ். நேர் வெயில் படாத சுவர், வெளிச்சுவராக இல்லாமல் உட்சுவர், ஈரப்பதம் ஏறி இறங்காத அறை என்று நானே அவருக்கு எழுதிக் கொடுத்தேன். இரண்டு மாதத்துக்கு முன் இதெல்லாம் எனக்கே தெரியாது. படத்தின் உரிமை மாறினாலும் அதன் படத்தை அச்சிட்டு விற்கும் காப்புரிமை தனி என்பதையும் சேர்த்தேன். இந்த ஓவியர் இறந்து காலம் பல ஆகியிருக்கும் என்பதால் இங்கே சிக்கல் இல்லை, அண்மைக்கால ஓவியம் என்றால் கவனிக்க வேண்டும்.

நான்கு மாதம் கழித்து அந்த ஆசிரியையிடமிருந்து போன் வந்தது. வார்னிஷை முறைப்படி எடுத்துச் சுத்தம் செய்யக் கொடுத்திருந்தாராம், என் தம்பியின் வெள்ளைத் திட்டு போய்விட்டதாம். “ஒண்ணு கேக்கணும். நீங்க எழுதுனதுல படகுல ஆள் இல்லைன்னு இருக்கே?”

“ஆமா மேடம், இல்லையே.”

“இருக்காரு. கட்டைவிரல் நகம் அளவுதான். குனிஞ்சு படகிலேர்ந்து தண்ணி இறைச்சிட்டிருக்காரு. மழை பெஞ்சிருக்குல்ல.”

போனை வைத்துவிட்டு, சித்தப்பாவின் குறிப்பேட்டை எடுத்தேன். ஆற்றுப் படத்தின் பக்கத்தில் அவருடைய பென்சில் வரிகளுக்குக் கீழே இடம் இருந்தது. தேதி போட்டு எழுதினேன்: “படகில் ஒருவர் தண்ணீர் இறைக்கிறார்.”